எக்கோ, பிரிண்ட்எஃப், கேட், டீ, நானோ: டெர்மினலில் எழுத எதை எடுப்பது?

கோத்தகிரியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாம் பழைய லேப்டாப்கள், உபுண்டு போட்டவை. போன மாதம் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அப்பா ஃபேக்டரிக்குக் கொடுக்கிற இலைக் கணக்கை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கணும். எக்கோ போதுமா, இல்ல நானோ கத்துக்கணுமா? கேட் வெச்சும் எழுதலாம்னு சொல்றாங்க, டீன்னு வேற ஒண்ணு இருக்காமே?" பக்கத்தில் இருந்த பையனுக்கும் அதே கேள்விதான், அவனுக்கு எழுத வேண்டியது மழை அளவு. குன்னூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் எனக்கு எழுதுகிறவர்களும் இதே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கோப்பின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸ் அதைத் தாராளமாக ஏற்கும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற கோப்பில் ஒரு வரி சேர்க்க பிரிண்ட்எஃப்பும் >> குறியும். யோசித்து, திருத்தித் திருத்தி எழுத வேண்டியதற்கு நானோ என்ற எடிட்டர். ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) பல வரிகள் வைக்க கேட்டும் << குறியும். சிஸ்டத்தின் கோப்பில் எழுத டீ. எக்கோவை நான் பரிந்துரைப்பதே இல்லை என்று இல்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு.

## கோப்பைத் திறப்பது யார்?

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எக்கோ "34.5" > மழை

இதைப் பார்த்தால் எக்கோ ஏதோ கோப்பில் எழுதுகிற கட்டளை மாதிரித் தெரிகிறது. அப்படி இல்லை. எக்கோவுக்குக் கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தன் வாயில் கொடுத்ததை வெளியே சொல்லும், அவ்வளவுதான். > குறியைப் பார்த்து கோப்பைத் திறப்பது ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற நிரல். அதுவும் எக்கோ ஓடத் தொடங்கும் முன்பே திறந்து, உள்ளே இருந்ததை முழுவதும் துடைத்துவிட்டு, அப்புறம்தான் எக்கோவைக் கூப்பிடுகிறது. எக்கோ என்பதையே தப்பாகத் தட்டி, "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று பதில் வந்தாலும், அதற்குள் கோப்பு காலியாகியிருக்கும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்து ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் ஒரு வரி எழுதி வந்தேன். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவத்தைவிட அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்கு மழைதான் பெரிது, அதற்காகத்தான் காத்திருந்தேன். அக்டோபர் கடைசியில், விடிய விடியப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், >> தட்ட வேண்டிய இடத்தில் > தட்டிவிட்டேன். அடுத்து கோப்பைத் திறந்தபோது அன்றைய ஒரே ஒரு வரி இருந்தது. ஐந்து மாதக் கணக்கு ஒரு குறியில் போயிற்று. குப்பைத்தொட்டியில் தேட முடியாது, ஷெல் எதையும் அங்கே போடுவதில்லை. அப்பா பக்கத்திலேயே ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததால் பாதிக்கு மேல் மீட்டேன். செப்டம்பரில் அவர் ஊரில் இல்லாத இரண்டு வாரம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இதற்கு ஒரு தடுப்பு உண்டு. செட் -ஓ நோகிளாபர் என்ற வரியை உங்கள் பேஷ்ஆர்சி கோப்பில் (டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஷெல் படிக்கிற அமைப்புக் கோப்பு) சேர்த்துவிடுங்கள். அதற்கப்புறம் ஏற்கெனவே இருக்கிற கோப்பின் மேல் > போட்டால் ஷெல் மறுத்துவிடும். வேண்டுமென்றே மேலெழுத நினைத்தால் >| என்று தட்ட வேண்டும். >> வழக்கம்போல வேலை செய்யும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு விஷயம் மட்டும், இந்தத் தடுப்பு ஷெல் திறக்கிற கோப்புக்குத்தான். டீயும் நானோவும் கோப்பைத் தாங்களே திறப்பதால் அவற்றை இது தடுக்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பவை இவை. கோப்பில் ஏற்கெனவே இருப்பது பிழைக்குமா? எழுதப் போவது ஒரு வரியா, ஒரு பக்கமா? எழுத்துக்கு நடுவே $, !, \, % மாதிரிக் குறிகள் வருமா? கோப்பு உங்களுடையதா, ரூட் என்ற சிஸ்டம் நிர்வாகியுடையதா? தட்டுவது நீங்களா, ராத்திரி தானாக ஓடுகிற ஸ்கிரிப்டா? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: விசைப்பலகையை எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கிறது? எக்கோவில் தமிழ் வரி எழுத வேண்டுமானால் கட்டளைக்கு ஆங்கிலம், வாக்கியத்துக்குத் தமிழ், கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அதற்கு மறுபடி ஆங்கிலம். ஒரு வரிக்கு இரண்டு மாற்று. பத்து வரிக்கு இருபது. நானோவில் உள்ளே போனதும் ஒரு தடவை மாற்றினால் போதும். சின்ன விஷயமாகத் தோன்றும், தினமும் எழுதிப் பாருங்கள்.

## எக்கோ

எக்கோ "12 ஜூன் 34.5" >> மழை

நினைவில் நிற்கும், கை தானாகத் தட்டும், எண்ணும் தேதியும் மாதிரி எளிய ஒரு வரிக்கு இதைவிட வேறொன்றும் தேவையில்லை.

சிக்கல் குறிகளில் தொடங்குகிறது. இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால் ஷெல் அதை மாறி (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்று எடுத்துக்கொள்ளும். வைஃபை கடவுச்சொல்லில் $12 என்று இருந்தால் $1 காணாமல் போய் 2 மட்டும் கோப்பில் விழும், பிழைச் செய்தியும் வராது. ! குறியை ஒட்டி எழுத்து வந்தால் உங்கள் ஷெல்லான பேஷ் பழைய கட்டளைகளில் தேடக் கிளம்பிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒற்றை மேற்கோள். கட்டளையை வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்தால் மேற்கோள் குறி சில சமயம் வளைந்த குறியாக மாறியிருக்கும், அதை ஷெல் மேற்கோளாகவே மதிக்காது. இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர்.

இதைவிட மோசமானது ஒன்று. எக்கோ எல்லா ஷெல்லிலும் ஒரே மாதிரி நடக்காது. உங்கள் டெர்மினலில் ஓடுவது பேஷ், அது \என் என்பதை அப்படியே இரண்டு குறிகளாக எழுதும். உபுண்டுவில் எஸ்ஹெச் என்று தொடங்குகிற ஸ்கிரிப்டுகளை ஓட்டுவது டேஷ் என்ற வேறொரு ஷெல், 2006-ல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அப்படித்தான். டேஷின் எக்கோ அதே \என்னைப் புது வரியாக மாற்றிவிடும். கையால் தட்டிப் பார்த்தபோது சரியாக வந்தது கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) போட்டதும் கெட்டுப்போவது பல சமயம் இதனால்தான், ஏனென்றால் கிரான் வழக்கமாகக் கூப்பிடுவது எஸ்ஹெச்சை. எழுத வேண்டிய சொல்லே -என் என்று இருந்தால் பேஷின் எக்கோ ஒன்றுமே எழுதாது.

அதனால் என் எல்லை இது: கையால் தட்டுகிற, விசேஷக் குறிகள் இல்லாத ஒரு வரிக்கு எக்கோ. ஸ்கிரிப்டில் வேண்டாம்.

## பிரிண்ட்எஃப்

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' "ஈரப்பதம் 90%" >> மழை

முதலில் அச்சு, அதாவது எந்த வடிவில் எழுத வேண்டும் என்பது, அப்புறம் எழுத வேண்டிய பொருள். அச்சில் %எஸ் இருக்கிற இடத்தில் நீங்கள் கொடுத்த வாக்கியம் அப்படியே உட்காரும், அதற்குள் என்ன குறி இருந்தாலும் பிரிண்ட்எஃப் தொடாது. பேஷிலும் டேஷிலும் ஒரே நடத்தை. மூன்று வாக்கியங்களைக் கொடுத்தால் அதே அச்சை மூன்று முறை பயன்படுத்தி மூன்று வரிகள் எழுதும்.

சோம்பலில் அச்சை விட்டுவிட்டு வாக்கியத்தையே அச்சு இடத்தில் கொடுப்பதுதான் இதில் எல்லோரும் செய்கிற தப்பு. மலையில் மழைக்காலத்தில் ஈரப்பதம் எழுதாமல் இருக்க முடியுமா? 90% என்று எழுதியவுடனே % குறிக்கு அடுத்து வருவதை அது வடிவக்குறியாக நினைத்துப் பிழை சொல்லும். அச்சு எப்போதும் தனியாக, ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கட்டும்.

தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை, பத்தி பத்தியாக அடுக்குவது. %-12எஸ் என்று கொடுத்தால் ஆங்கிலத்தில் அழகாக 12 இடம் ஒதுக்கும். தமிழில் கோணலாகும். "கோத்தகிரி" கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறிகள். கோப்பில் 27 பைட், ஏனென்றால் யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். பைட்டை எண்ணி இடம் ஒதுக்கினால் ஊட்டி ஓரிடத்திலும் கோத்தகிரி வேறிடத்திலும் போய் நிற்கும். இடைவெளியால் அடுக்க முயலாதீர்கள், நடுவே டேப் போட்டு எழுதுங்கள், பிறகு கால்க் விரிதாளில் திறந்தால் தனித்தனிக் கட்டங்களில் ஒழுங்காக உட்காரும்.

எக்கோவைவிட ஆறேழு தட்டல் அதிகம். அந்த விலை எனக்குச் சம்மதம்.

## கேட்

இதில் இரண்டு வழிகள், இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதீர்கள்.

முதல் வழி: கேட் > குறிப்பு என்று தட்டிவிட்டு நேரே எழுதத் தொடங்குவது, முடிந்ததும் புது வரியில் கன்ட்ரோல்-டி. வேகமானது, விசைப்பலகை மாற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் என்டர் அடித்த வரிக்குத் திரும்பிப் போக முடியாது. இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது: இந்த வழியில் டெர்மினல் ஒரு வரிக்கு 4095 பைட்தான் வாங்கும், மிச்சத்தைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். ஆங்கிலத்தில் யாரும் அவ்வளவு நீள வரி எழுதமாட்டார்கள். தமிழில் 3 பைட் கணக்குப்படி 1365 குறிகளிலேயே அது நிரம்பிவிடும். நடுவில் என்டர் இல்லாத நீளமான ஒரு பத்தியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் வால் இருக்காது. ஒட்டிய பிறகு கடைசி வாக்கியத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி:

கேட் >> வழிமுறை << 'முடிவு'
மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்க்கவும்.
செலவு $ குறியில் வந்தாலும் கவலை இல்லை.
முடிவு

<< குறிக்கு அடுத்த சொல் மறுபடி தனி வரியில் வரும்வரை எல்லாமே கோப்புக்குள் போகும். எல்லோரும் ஈஓஎஃப் என்று எழுதுவார்கள், அது வெறும் வழக்கம்தான். எந்தச் சொல்லாகவும் இருக்கலாம், நான் முடிவு என்றே போடுகிறேன். அந்தச் சொல்லைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட்டால் உள்ளே இருக்கும் $ எதையும் ஷெல் தொடாது. மேற்கோள் இல்லாவிட்டால் மாறிகளின் மதிப்பை இட்டு நிரப்பும். இரண்டுமே தேவைப்படும், எது வேண்டும் என்று தெரிந்து செய்யுங்கள். முடிவுச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஷெல் அதை முடிவாக ஏற்காது, இன்னும் காத்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றினால் முதலில் அங்கே பாருங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் பல வரி வைக்க இதற்கு நிகர் இல்லை. பேஷில் கையால் ஒட்டினாலும் மேலே சொன்ன 4095 தொல்லை இதில் வராது.

## டீ

தோட்டத்துக்கு ஊற்றிலிருந்து பைப் இழுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பைப்பில் டீ ஜாயின்ட் மாட்டினால் தண்ணீர் நேராகவும் போகும், பக்கவாட்டிலும் பிரியும். இந்தக் கட்டளைக்குப் பெயர் வந்ததே அந்த ஜாயின்ட்டிலிருந்துதான். உள்ளே வருவதைத் திரையிலும் காட்டும், கோப்பிலும் எழுதும்.

ஆனால் பலரும் இதைத் தேடி வருவது வேறொரு சிக்கலில். சூடோ எக்கோ "..." >> /இடிசி/ஹோஸ்ட்ஸ் என்று தட்டுவார்கள், அனுமதி இல்லை என்று வரும், ரூட்டின் அதிகாரம் தரும் சூடோவைப் போட்டும் ஏன் என்று புரியாது. கோப்பைத் திறப்பது யார் என்று கேட்டோமே, விடை அங்கேதான். சூடோ எக்கோவுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தது. கோப்பைத் திறந்தது உங்கள் சாதாரண ஷெல், அதற்கு அதிகாரம் இல்லை. டீ கோப்பைத் தானே திறப்பதால் அதற்கு அதிகாரம் கொடுத்தால் வேலை முடிந்தது (நடுவே வரும் | குறி, முன்னால் இருக்கிற கட்டளை சொல்வதைப் பின்னால் இருக்கிற கட்டளைக்குக் கொடுக்கும்):

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' '192.168.1.20 மழைமானி' | சூடோ டீ -ஏ /இடிசி/ஹோஸ்ட்ஸ்

அந்த -ஏ இல்லாவிட்டால் டீயும் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும், அதுவும் ரூட்டின் அதிகாரத்தோடு, நோகிளாபர் காப்பாற்றாது. டீயை நினைக்கும்போதே -ஏ சேர்ந்து நினைவுக்கு வரும்படி பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீண்ட வேலையின் வெளியீட்டை டீ வழியாகப் பதிவு செய்தால் முன்னால் இருந்த கட்டளை தோற்றாலும் முடிவில் டீயின் வெற்றிதான் தெரியும். பேஷ் ஸ்கிரிப்டில் செட் -ஓ பைப்ஃபெயில் போட்டால் அது சரியாகும்.

## நானோ, அப்புறம் விம்

பத்து வரிக்கு மேல் என்றாலோ, இருப்பதைத் திருத்த வேண்டும் என்றாலோ யோசிக்காமல் நானோவுக்குப் போங்கள். கன்ட்ரோல்-ஓ சேமிக்க, கன்ட்ரோல்-எக்ஸ் வெளியேற, மற்றவை திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். எடிட்டர் திறப்பது கற்றுக்குட்டி வேலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேமிக்கிற வசதி மேலே சொன்ன எதிலும் இல்லை. டெர்மினலில் தமிழ்க் கொம்பும் காலும் பிரிந்து தெரியலாம், பயப்பட வேண்டாம், கோப்பில் எழுத்து சரியாகத்தான் போகும்.

செலவு என்ன என்றால், ஸ்கிரிப்டில் பயன்படாது, உங்களுக்கு அனுமதி இல்லாத கோப்பாக இருந்தால், திறக்கும்போது அடியில் வரும் எச்சரிக்கையைக் கவனிக்காவிட்டால், எல்லாம் எழுதிய பிறகு சேமிக்க முடியாமல் நிற்பீர்கள். வேறொரு கணினிக்கு எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் எழுதும்போது சிக்னல் அறுந்தால், அங்கே ஓடுகிற நானோ எழுதியவரை கோப்பின் பெயரோடு .சேவ் என்று சேர்த்து ஒரு நகல் வைத்துவிட்டுத்தான் சாகும். வளைவுக்கு வளைவு சிக்னல் மாறுகிற ஊரில் இது பெரிய உபகாரம். கரண்ட் போனால் அதற்கும் நேரம் இருக்காது.

அங்கேதான் விம் என்ற இன்னொரு எடிட்டர் மேல். 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், விம் தன் ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொண்டே வரும், திரும்ப வந்ததும் விம் -ஆர் என்று கூப்பிட்டு மீட்கலாம். பழக நாளாகும். தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் பழகுங்கள், மற்றவர்களுக்கு நானோ போதும்.

## கரண்ட் போனால்

ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கமும் நவம்பரில் எங்கள் பக்கமும் மரம் விழுந்து லைன் அறுவது புதிதல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அப்படிப்பட்ட நாளின் கணக்குதான் நமக்கு முக்கியம். அதே நாளில்தான் கரண்டும் போகும்.

எந்தக் கட்டளையில் எழுதினாலும் எழுத்து உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை. சாதாரண அமைப்பில் அரை நிமிஷம் போல நினைவகத்திலேயே காத்திருக்கும். பேட்டரி செத்த லேப்டாப்பிலும் ராஸ்பெரி பையிலும் அந்த அரை நிமிஷத்தில் கரண்ட் போனால் எழுதியது போச்சு. எழுதிய கையோடு சிங்க் மழை என்று ஒரு கட்டளை கொடுங்கள், அந்தக் கோப்பு டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் அது திரும்பும்.

முழுக் கோப்பையும் மாற்றி எழுதுகிற ஸ்கிரிப்டாக இருந்தால் நேரே அதன் மேல் > போடாதீர்கள். அதே அடைவில் மழை.புதுசு என்று எழுதி, சிங்க் கொடுத்து, பிறகு எம்வி கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடப்பது, பழையது முழுசாக இருக்கும் அல்லது புதியது முழுசாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | பழைய உள்ளடக்கம் | தெரியாத செலவு |
|---|---|---|---|
| எக்கோ | கையால் தட்டும் எளிய ஒரு வரி | > துடைக்கும், >> சேர்க்கும் | ஷெல்லுக்கு ஷெல் மாறும் |
| பிரிண்ட்எஃப் | ஸ்கிரிப்ட், குறிகள் உள்ள வரி | அதேதான் | % குறி, தமிழ் அடுக்கு கோணல் |
| கேட் > | சட்டென்று நாலு வரி | துடைக்கும் | திருத்த முடியாது, 4095 பைட் |
| கேட் << | ஸ்கிரிப்டில் பல வரி | > துடைக்கும், >> சேர்க்கும் | முடிவுச் சொல் தனியாக நிற்க வேண்டும் |
| டீ | ரூட் கோப்பு, திரையிலும் பார்க்க | -ஏ இல்லாவிட்டால் துடைக்கும் | முன் கட்டளையின் தோல்வி மறையும் |
| நானோ | நீளமானது, திருத்தம் | கண்முன் இருக்கும் | கரண்ட் போனால் மீட்பில்லை |

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்றால், பேஷ்ஆர்சியில் இலை என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினோம். உள்ளே இரண்டே வேலை: இன்றைய தேதியையும் அவள் கொடுக்கிற கிலோவையும் பிரிண்ட்எஃப் வழியாக >> குறியால் கோப்பில் சேர்ப்பது, உடனே சிங்க் கொடுப்பது. >> குறியை அவள் தினமும் தட்டவே வேண்டாம் என்பதால் அதில் ஒரு குறி குறைய வழியில்லை. இப்போது அப்பா ஃபேக்டரியிலிருந்து ரசீதோடு வந்ததும் "இலை 42" என்று தட்டி என்டர் அடிக்கிறாள். எண்ணைத் தப்பாகத் தட்டிய நாளில் மட்டும் நானோவைத் திறக்கிறாள்.